பிரேக் வேலை பில் கட்டியதும் முடிவதில்லை



ஒர்க்‌ஷாப்பில் இருந்து வண்டி வந்த மறுநாளே பிரேக் சரியில்லை என்று இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவர் காருக்குப் புது பேட் போட்டவர். படூரில் தெருவிலிருந்து ஓ.எம்.ஆரில் ஏறும் இடத்தில் முதல் மிதியிலேயே பெடல் தரையைத் தொட்டுவிட்டதாம். அந்த நேரம் தண்ணீர் லாரி எதுவும் வராததால் தப்பினார். மூவருமே மெக்கானிக்கிடம் திரும்பப் போகவில்லை. "நேற்றுதானே பார்த்தார், போய்ச் சொன்னால் சங்கடப்படுவார்" என்கிறார்கள். இந்தச் சங்கடம்தான் பிரேக் கோளாறைவிட ஆபத்து என்பது என் கருத்து.

பேட் மாற்றும்போது காலிப்பரில் உள்ள பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் புது பேட் உட்காரும். வேலை முடிந்ததும் அங்கே ஓர் இடைவெளி இருக்கும். வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்து அதை அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் சாவியைக் கொடுத்தால் முதல் மிதி வெறும் மிதிதான்.

பல முறை மிதித்த பிறகும் பெடல் பஞ்சு போல இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது என்று பொருள். பாஸ்கல் விதி நடத்தியபோது சொன்னேனே, திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். உங்கள் காலின் பலம் காற்றை அமுக்கவே செலவாகிறது. ஏர் எடுக்காமல் அது சரியாகாது.

மற்ற அறிகுறிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்:

1. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது: ஒரு பக்க பேடில் கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கலாம், அல்லது ஒரு காலிப்பர் ஜாம் ஆகியிருக்கலாம். கோவளத்து உப்புக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும்.
2. சக்கரம் சூடாகி கருகல் வாடை வருகிறது: பிரேக் விடவில்லை. ஹேண்ட் பிரேக்கை அதிகமாக இறுக்கியிருக்கலாம். டிரம் பிரேக் பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், தாராளமாகச் சுற்ற வேண்டும்.
3. ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை: சக்கரத்தில் உள்ள சென்சார் வயரைத் திரும்ப மாட்டினார்களா என்று கேளுங்கள்.
4. பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது: எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. வண்டியை எடுக்கவே கூடாது.

மெக்கானிக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தவறு எந்தக் கையிலும் நடக்கும். 2019 மே மாதம் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சுமார் 7,000 புல்லட்களைத் திரும்ப அழைத்தது. காரணம், பிரேக் காலிப்பர் போல்ட். அத்தனை சோதனைகள் உள்ள பெரிய தொழிற்சாலையே அழைத்துச் சரிபார்க்கிறது என்றால், மழையில் தார்ப்பாய்க்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் "ஒரு தடவை பார்த்துடலாமா தம்பி" என்று கேட்பதில் என்ன அவமானம்? கணக்கில் விடையைச் சரிபார்ப்பது போட்டவனைச் சந்தேகிப்பது ஆகாது.

நம் பக்கமும் குறை உண்டு. மாலை 7 மணிக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு 8 மணிக்கு வேண்டும் என்று நிற்கிறோம். ஏர் எடுக்கத் தனிக் கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். அந்த அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் கடைசி வேலை, அதாவது ஓட்டிப் பார்ப்பது.

ஆகவே, பில் கட்டும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். புது பேட் பழகும் வரை முதல் 200, 300 கிலோமீட்டர் முன் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விடுங்கள். கோளாறு தெரிந்தால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், அவரை வரவழையுங்கள். கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே "வாங்க சார், ஓட்டிப் பாத்துடலாம்" என்று கூப்பிடுங்கள். நான் விட்டது ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.

வீட்டில் பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்,
படூர்