எந்த டாக்டர்?

'டாக்டர் வருகிறார்' என்று யாரேனும் சொன்னால், நமது சிற்றூர்ப் பெரியவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பதுண்டு: "எந்த டாக்டர்? ஊசி போடுகிற டாக்டரா, புத்தகம் எழுதிப் பட்டம் வாங்கின டாக்டரா?" சிரிப்பதற்காகக் கேட்கும் கேள்வியன்று அது. ஒரே பெயரைத் தாங்கிய இரு கூட்டத்தார் இந்நாட்டில் இருக்கின்றனர், ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை, ஒருவர் பேச்சு மற்றவர் செவியில் ஏறுவதில்லை என்பதை அறிந்தே அந்தப் பெரியவர் கேட்கிறார்.

முதலாமவரைப் பாருங்கள். அரசினர் மருத்துவமனையிலே அவர் நாற்காலியில் அமருமுன்பே வரிசை வாயிலைத் தாண்டி நிற்கிறது. கையிலே சீட்டு, இடுப்பிலே குழந்தை, முகத்திலே கவலை! ஒரு முகத்திற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினாலே பகற்பொழுது போதாது. 'இந்த மருந்து இவருக்குப் பலன் தந்ததே, அடுத்த படுக்கைக்காரருக்கு ஏன் தரவில்லை?' என்ற ஐயம் அவருக்கு எழாமலில்லை. எழுகிறது, எழுந்த கணமே அடுத்த சீட்டு நீட்டப்படுகிறது, ஐயம் மடிகிறது. இரண்டாமவரோ ஆராய்ச்சிக்கூடத்திலே இருக்கிறார். நுண்ணோக்கி உண்டு, வெள்ளெலி உண்டு, கேள்வியை ஆண்டுக்கணக்கில் துருவிப் பார்க்க அவகாசமும் உண்டு. நோயாளி மட்டும் இல்லை. கேள்வி பிறப்பது ஓரிடம், விடை காணும் கருவி இருப்பது வேறிடம், நடுவிலே நெடுமதில்!

அந்த மதிலிலே ஒரு வாயில் திறப்பதற்கு ஏற்பட்டதுதான் மருத்துவப் பட்டத்தையும் ஆராய்ச்சிக்கான பி.எச்.டி. பட்டத்தையும் இணைத்து ஒருவருக்கே தரும் கல்விமுறை. இதற்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு, ஞாயிற்றுக்கிழமையிலே இந்தப் பக்கத்திலே இதை எழுதுவானேன் என்று கேட்பீர்கள். 'செலவு யாருடையது?' என்ற கேள்வி எழும் இடத்திலெல்லாம் அரசியல் தானாகவே வந்து உட்கார்ந்து கொள்கிறதே, என் செய்வது!

அமெரிக்காவில் இம்முறை வேர்கொண்ட கதையைக் கேளுங்கள். கிளீவ்லண்டு நகரிலுள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 1956-இல் இவ்விரு படிப்புகளையும் இணைத்துப் பார்த்தது. எட்டாண்டு கழித்து, 1964-இல், அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம், அதாவது சர்க்காரே, 'மருத்துவ விஞ்ஞானிப் பயிற்சித் திட்டம்' என்று பெயரிட்டுப் பொதுப்பணத்தை எடுத்து வைத்தது. முதலில் மூன்றே கல்லூரிகள். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்டவை. அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ்.ஸைப் போன்ற அடிப்படைப் பட்டம் என்பதை நினைவில் வையுங்கள். மாணவர் இரண்டாண்டு மருத்துவப் பாடம் படிக்கிறார். பிறகு ஆராய்ச்சிக்கூடம் புகுந்து மூன்று நான்கு ஆண்டு, சில வேளை ஐந்தாண்டு, ஒரே கேள்வியோடு மல்லாடிப் பி.எச்.டி. பெறுகிறார், மீண்டும் நோயாளியின் படுக்கையருகே திரும்பி மருத்துவப் படிப்பை முடிக்கிறார். ஏறத்தாழ எட்டாண்டு! அந்த எட்டாண்டும் கல்விக் கட்டணம் இல்லை, கைச்செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. தனியுடைமையின் தாயகம் என்று சொல்லப்படும் நாடு, எதையும் சந்தையிடம் ஒப்படைக்கும் நாடு, இந்த ஒன்றைச் சந்தையிடம் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர்கள் கட்டியது குறையற்ற மாளிகை என்று நான் சொல்லவில்லை. இரு பட்டமும் பெற்று, சிறப்புப் பயிற்சியும் முடித்து, சொந்தப் பொறுப்பிலே முதல் பெரிய ஆராய்ச்சி மானியத்தைக் கையில் வாங்கும்போது அவர்களுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிடுகிறது. 1979-இலேயே ஜேம்ஸ் வைன்கார்டன் என்ற மருத்துவப் பேரறிஞர், நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்யும் மருத்துவர்கள் அருகி வரும் இனமாகி விட்டனர் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை இன்றும் அங்கே மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இத்தனை பணம் கொட்டியும் அருகுகிறது என்றால், ஒன்றுமே கொட்டாத இடத்திலே என்ன விளையும்?

இங்கும் விளைந்தார்கள், தோழர்களே! நம் மண் மலடன்று. ஆனால் எப்படி விளைந்தார்கள்?

கல்கத்தாவிலே உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்றொருவர். 1902-இல் எம்.டி., 1904-இல் பி.எச்.டி. இணைந்த படிப்பு என்ற சொல்லே பிறவாத காலத்தில், இரண்டையும் தாமே இணைத்துக் கொண்டவர். காலா அசார் என்ற கொடுநோய் வங்கத்திலும் அசாமிலும் ஊர் ஊராய்க் காலி செய்துகொண்டிருந்த நாட்களிலே, காம்பெல் மருத்துவமனையின் ஒரு சிற்றறையில், மின்விளக்கும் தண்ணீர்க் குழாயும் இல்லாத அறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியிலே யூரியா ஸ்டிபமின் என்ற மருந்தை ஆக்கினார். பகலிலே நோயாளி, இரவிலே சோதனை. அந்த மருந்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

அதே கல்கத்தாவில் சம்புநாத் தே. மருத்துவம் படித்தவர், லண்டன் சென்று 1949-இல் பி.எச்.டி. பெற்றுத் திரும்பியவர். காலராக் கிருமியை 1884-இல் கோக் என்னும் ஜெர்மானியர் அந்நகரிலேதான் ஆராய்ந்து, அது ஏதோ நஞ்சினை உமிழ்கிறது என்று ஊகித்துச் சென்றார். எழுபத்தைந்து ஆண்டு உலகம் அந்த நஞ்சைத் தேடியது. தே, முயலின் குடலில் ஒரு பகுதியைக் கட்டி, கிருமியை அறவே வடிகட்டி நீக்கிய திரவத்தை அதிலே செலுத்தினார். கிருமி இல்லாமலே குடல் நீரால் ஊதிப் பெருத்தது! நஞ்சு இருப்பது மெய்ப்பட்டது. அது குடலுக்குள்ளிருந்தே நீரை இறைத்து வெளியேற்றுகிறது என்பதும் தெளிவாயிற்று. 1959-இல் 'நேச்சர்' ஏட்டிலே அச்சேறிய கண்டுபிடிப்பு அது. காலராவில் துவண்டவர்களின் படுக்கையருகே நின்றவருக்குத்தான் 'இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்கத் தோன்றும், பி.எச்.டி. பயிற்சி பெற்றவருக்குத்தான் அதை முயலின் குடலிலே கேட்கத் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தன. அவர் 1985-இல் மறைந்தார். அவருக்குரிய பெருமையை இந்நாடு உரக்கப் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மூன்றாமவர் நமக்கு இன்னும் அருகிலிருப்பவர். எல்லப்பிரகட சுப்பாராவ், நமது சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதராடை அணிந்து வந்தது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காமற் போக, எம்.பி.பி.எஸ். கிட்டாமல் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறினார் என்பது அவர் வரலாறு. 1923-இல் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். மருத்துவம் பயின்றவர், வயிற்றுப்பாட்டுக்காக அங்கே மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலை ஊழியம் பார்த்தார்! பகலில் ஹார்வர்டில் படித்து 1930-இல் பி.எச்.டி. பெற்றார். பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையிலே போலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. 1948-இல் சிட்னி பார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் மீட்சி தந்ததாக அறிவித்த அமினாப்டெரின் மருந்தும் அந்த ஆராய்ச்சிக்கூடத்திலே பிறந்ததே. யானைக்கால் நோயைத் தடுக்க நம் ஊர்களில் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அவர்தம் குழுவினர் தந்தது. சென்னையிலே அரைப்பட்டம் பெற்றுப் போனவரின் அறிவு, கடல் கடந்து, மாத்திரையாகத் தஞ்சைக் கழனியில் கால் வீங்கிக் கிடந்தவனிடம் திரும்பி வந்தது!

இவர்களைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. மேடையிலே சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். நான் கேட்பது வேறு. ஒருவருக்கு மண்ணெண்ணெய் விளக்கு. இன்னொருவருக்குக் காலம் தாழ்ந்த பாராட்டு. மூன்றாமவருக்கு நாடு கடந்த வாழ்வு. தியாகம் செய்யத் துணிந்த சிலர் தோன்றினால் ஆராய்ச்சி நடக்கும், தோன்றாவிட்டால் நடக்காது என்பது ஒரு நாட்டின் ஏற்பாடாகுமா? பேய்ந்தால் விளையும், காய்ந்தால் பட்டினி என்ற மானாவாரி வேளாண்மையை வயலிலே மாற்ற அணை கட்டினோம். அறிவிலே மட்டும் ஏன் வானம் பார்த்து நிற்கிறோம்?

மருத்துவரும் விஞ்ஞானியும் கூடினால் ஏழைக்கு என்ன கிடைக்கும் என்பதற்குச் சேத்துப்பட்டே சாட்சி. 1956-இல் சென்னை அரசாங்கமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து அங்கே காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கின. சானடோரியத்தில் இடமில்லை, நெருக்கடியான வீட்டிலே வாழும் ஏழை என்ன செய்வான் என்பதே கேள்வி. வீட்டிலிருந்தே மருந்துண்டால், சானடோரியப் படுக்கையில் கிடந்தவருக்கு நிகராகக் குணமடைகிறார், வீட்டாருக்கும் அதனால் நோய் மிகுவதில்லை என்று 1959-இல் விடை வந்தது. உலகமே காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

சரி, இன்றைய நிலை என்ன? இந்தியாவில் ஆண்டுதோறும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். படிப்பிலே சேர்கின்றனர். அதன்மேல் எம்.டி. படிப்போர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு தரவேண்டும் என்பது விதி. (அந்த ஆய்வேடுகள் பைண்டு செய்யப்பட்டு, அலமாரி ஏறி, எத்தகைய உறக்கம் உறங்குகின்றன என்பதை எழுதியவர்களே நன்கறிவர்!) கேள்வி கேட்கப் பயிற்றுவது வேறு, பக்கம் நிரப்பப் பயிற்றுவது வேறு. முறையான வாயில்கள் சிலவே. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலேயே எம்.பி.பி.எஸ்., எம்.டி., பி.எச்.டி. மூன்றையும் பெற்ற ககன்தீப் காங், குழந்தைகளை வாட்டும் ரோட்டா வைரஸ் பற்றிய ஆய்வால் புகழடைந்து, 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான முதல் இந்தியப் பெண்மணி ஆனார். சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் மருத்துவ விஞ்ஞானத் துறையொன்றைத் தொடங்கியது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், எம்.டி.யும் பி.எச்.டி.யும் இணைந்த படிப்புக்கென்றே மருத்துவப் பள்ளியும் 800 படுக்கை மருத்துவமனையும் அமைக்கப் போவதாக 2022-இல் அறிவித்தது. அதற்கு 425 கோடி ரூபாய் வழங்கியோர் இரண்டு குடும்பத்தார். அவர்தம் கொடையுள்ளத்தை வாழ்த்துவோம். அமெரிக்காவிலே சர்க்கார் செய்ததை இங்கே வள்ளல்கள் செய்யவேண்டியிருக்கிறதே என்பதையும் கூடவே எண்ணிப் பார்ப்போம்.

வேறொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தரும் சட்டம் 2020-இல் தமிழ்நாட்டில் வந்தது. அவ்வழியே நுழைந்த முதல் அணியினர் படிப்பை முடித்து வெளிவரும் காலம் இது. செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள் டாக்டர் ஆகிறாள். அவளிடம் போய், 'அம்மா, இன்னும் ஆறாண்டு ஆராய்ச்சி செய்' என்று சொல்லிப் பாருங்கள். தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், தாயின் மருந்துச் செலவு, வட்டிக்கடைக்காரன் கணக்கு, இத்தனையும் அவளுடைய முதல் மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து வாயிற்படியில் உட்கார்ந்திருக்கின்றன. அவளால் எப்படி முடியும்? தந்தை சொத்தில் அமர்ந்துண்ண இயன்றவன் ஆராய்ச்சி செய்வான்; அவனுக்குத் தெரிந்த கேள்விகளைக் கேட்பான். சூளையிலே நெருப்பருகே நின்று நீர்வற்றி, சிறுநீரகம் கெடுகிறதா என்ற கேள்வி யாருக்குத் தோன்றும்? அவளுக்குத் தோன்றும். தோன்றியும் பயனில்லாமல் போகும்.

'கிராமத்து மருத்துவமனையிலே டாக்டர் இல்லை. இருப்பவரையும் ஆராய்ச்சிக்கு அனுப்புவதா?' என்பர் சிலர். நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ள மாட்டேன். நான் கேட்பது ஆண்டுக்குப் பத்தே பேர். எம்.பி.பி.எஸ். முடித்தபின், எம்.டி.யும் பி.எச்.டி.யும் பின்னிப் பிணைந்த ஆறாண்டுப் படிப்பு. ஆக, எந்த நேரத்திலும் அறுபது பேர். அந்த அறுபது பேரும் வாரத்தில் சில நாள் வார்டிலே நோயாளியைப் பார்க்கத்தான் போகிறார்கள். 'படித்துவிட்டு வெளிநாடு பறந்துவிடுவார்கள்' என்பர் வேறு சிலர். பறப்பார்கள், திரும்பி வந்து உட்காரக் கிளை இல்லாவிட்டால்! படித்து முடித்தவரை மீண்டும் புறநோயாளி வரிசையின் முன்னே மட்டும் உட்காரவைத்து, பெற்ற பயிற்சியைத் துருப்பிடிக்க விட்டால், பறப்பவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆகவே நமது கோரிக்கை இது. பூங்காநகரில் சென்னை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தரமணியிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிண்டியிலே கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. மூன்றையும் ஒரு நகரப் பேருந்திலே ஒரே பகலில் சுற்றி வந்துவிடலாம். இவற்றை இணைத்து அந்தப் பத்துப்பேர் படிப்பைத் தொடங்கட்டும். உதவித்தொகை என்ற பெயரில் பிச்சை வேண்டாம். அரசுப் பணியில் சேரும் உதவி மருத்துவருக்குரிய முழுச் சம்பளம் வேண்டும். ஆறாண்டும் பணிக்காலமாகக் கணக்கிடப்பட வேண்டும். இடங்கள் நமது இடஒதுக்கீட்டு முறைப்படியே நிரப்பப்பட வேண்டும். படிப்பு முடிந்தபின் வாரத்தில் பாதி நாள் வார்டு, பாதி நாள் ஆராய்ச்சிக்கூடம் என்ற பணியிடங்கள் அரசாணையிலேயே எழுதப்பட வேண்டும். அறுபது உதவி மருத்துவர்களின் சம்பளம் ஆண்டுக்கு எவ்வளவு, நகரில் ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று நிதித்துறையினரே கூட்டிப் பார்த்து, சட்டமன்றத்தில் சுகாதார மானியக் கோரிக்கை வரும் நாளன்று சொல்லட்டும்.