மரக்கணக்கில் வௌவால்களையும் சேருங்கள்

மாவட்டப் பசுமைக் குழுவின் தலைவராகிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



சாலையை அகலப்படுத்த ஏரிக்கரை மரங்களை வெட்ட வேண்டும் என்று கோரும் கோப்புகள் உங்கள் குழுவின் முன் வருகின்றன. எத்தனை மரம், என்ன மரம், எவ்வளவு சுற்றளவு, ஈடாக எத்தனை கன்று என்ற விவரங்களோடு, அந்த மரங்களில் குடியிருக்கும் உயிர்களைப் பற்றிய அறிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். அதைக் கேட்கவே இம்மடல்.

ஏரியோரத்து ஆலிலும் மருதிலும் புளியிலும் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்குவதை நம் ஊர்களில் காணலாம். தலைமுறை தலைமுறையாக ஒரே மரத்துக்குத் திரும்பும் உயிர் அது. தண்ணீர் அருகில் இருப்பதும் அதற்கு முக்கியம். தாழப் பறந்து வயிற்று மயிரை நீரில் நனைத்து, பிறகு அதை நக்கிக் குடிக்கும். மரத்தை விட்டுவிட்டு ஏரியைத் தூர்த்தாலும், ஏரியை விட்டுவிட்டு மரத்தைச் சாய்த்தாலும் அதற்கு இழப்பு ஒன்றுதான்.

தாய் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். பெரும்பாலும் மாசி முதல் வைகாசி வரை அந்தக் காலம். முதல் சில வாரங்கள் குட்டியை மார்பில் சுமந்தே பறக்கும். பிறகு மரத்தில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். குட்டி தானாகப் பறக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த நாட்களில் பகலில் வெட்டினால் குட்டிகள் கிளையோடு விழும். இரவில் வெட்டினால், திரும்பி வரும் தாய்க்கு மரமே இருக்காது. மழைக்கு முன் வேலையை முடிக்கும் அவசரமும் இதே கோடையில்தான் வருகிறது.

ஆல், அரசு, அத்தி விதைகளைத் தொலைதூரம் கொண்டுபோய் விதைப்பது இந்த வௌவால்கள். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் இவையே. ஆனாலும் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் நெடுங்காலம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு தொல்லை உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. ஆனால் சரணாலயத்துக்கு வெளியே அவை தங்கும் மரத்துக்கு உங்கள் குழுவை விட்டால் வேறு காவல் ஏது?

ஏரிகளின் நிலையும் இப்படித்தான். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென மனிதர் வெட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறைக்குள் சேர்க்கவில்லை. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அப்படி வெட்டப்பட்டவையே. ஆகவே 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் நாங்கள் நம்பியிருக்கிறோம். அதை நடைமுறைப்படுத்துவதிலும் உங்கள் நிர்வாகத்துக்குப் பெரும் பொறுப்பு உண்டு.

சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் விரைவாக வர வேண்டும், பேருந்து வர வேண்டும். நாங்கள் கேட்பவை இவை:

அனுமதிக்கு முன் வனத்துறையும் காட்டுயிர் அறிந்தவர்களும் பகலில் ஒரு முறையும் அந்தியில் ஒரு முறையும் மரங்களைப் பார்வையிட வேண்டும். பொந்துகளிலும் பழைய மதகுகளிலும் பூச்சியுண்ணும் வௌவால்கள் ஒண்டியிருக்கும். அவற்றையும் தேட வேண்டும்.

வௌவால் தங்கும் மரம் நிற்க, சாலை சற்று விலகிப் போக முடியுமா என்பதை முதலில் ஆராய வேண்டும். வேறு வழியே இல்லை என்று எழுத்தில் நிறுவிய பிறகும், குட்டிகள் பறக்கும் வரை கோடரி படக் கூடாது.

தோண்டிய மண்ணும் கட்டடக் கழிவும் ஏரிக்குள்ளோ வரத்துக் கால்வாயிலோ விழக் கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி, மீறினால் பட்டியல் தொகையை நிறுத்த வேண்டும்.

வெட்டிய மரத்துக்குப் பத்துக் கன்று நட்டால் கணக்கு நேராகிவிடாது. அந்தக் கன்றுகள் ஒரு வௌவால் கூட்டத்தைத் தாங்கும் அளவுக்கு வளர நம் பிள்ளைகளுக்கும் வயதாகிவிடும். நிற்கும் மரத்தைக் காப்பாற்ற இன்று ஒரு நிபந்தனை போதும். அதை எழுதும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன ஊரின் குடிமக்களில் ஒருவர்