பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! (பேட்டரியை மாற்றும் முன்...)

எங்கள் ஊர் வீரசோழனில் திங்கட்கிழமை சந்தை. எங்கள் அத்தாவுக்கு ஆட்டு வியாபாரம். சந்தைக்கு முந்தின நாளே சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வண்டியில் போய், ஆடு பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டு இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழியிலேயே வண்டி நின்றுவிட்டது. முதலில் விளக்கு மங்கியதாம், பிறகு ஹாரன் கம்மியதாம், அப்புறம் எஞ்சினே அணைந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், மடியில் பணம், செல்லில் சிக்னல் இல்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர் நாலு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். அன்று அம்மா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இத்தனைக்கும் இருபது நாள் முன்புதான் புது பேட்டரி போட்டிருந்தோம்! அப்போதும் இதே கோளாறுதான். மெக்கானிக் கடையில் செல்ஃபை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பேட்டரி அவுட்டு பாய், மாத்திருங்க" என்றார்கள். 1,500 ரூபாய் ஆனது. பழைய பேட்டரியையும் எடைக்கு வாங்கிக்கொண்டார்கள். இப்போது மறுபடியும் அதே கடை, அதே வசனம்: "பேட்டரி அவுட்டு பாய்."

இருபது நாளில் ஒரு பேட்டரி எப்படிச் சாகும்? அங்கேதான் எனக்கு உறைத்தது. இதுவரை யாருமே எதையும் அளந்து பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைக் கண்மாயை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பேட்டரி என்பது கண்மாய். எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஸ்டேட்டரும், அதை நேர் மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரும், நடுவில் ஓடும் கம்பிகளும் வரத்துக்கால். அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர்தான் கலுங்கு. விளக்கு, ஹாரன், செல்ஃப் எல்லாம் மடை. கண்மாய் வற்றிக் கிடந்தால் வரத்துக்காலில் அடைப்பு இருக்கிறதா என்றுதானே முதலில் பார்ப்போம்? பக்கத்தில் புதுக் கண்மாயா வெட்டுவோம்? வண்டி விஷயத்தில் மட்டும் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்!

சரி, எப்படி அளப்பது? முன்னூறு ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். அதை நேர் மின்சார வோல்ட்டில் (20 என்று போட்டிருக்கும் இடத்தில்) வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். ஆம்பியர் பக்கம் திருப்பி வைத்து இப்படித் தொடவே கூடாது. மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போய்விடும், தீப்பொறியும் பறக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

1. காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன்: 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கண்மாய் நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி.

2. செல்ஃபை அமுக்கும்போது: அளவு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியே 9.5-க்குக் கீழே விழுந்தால் அதற்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

3. எஞ்சின் ஓடும்போது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி: 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் வரத்துக்காலில் அடைப்பு. 15-ஐத் தாண்டினால் கலுங்கு கெட்டுவிட்டது, ரெகுலேட்டரைப் பாருங்கள். இல்லாவிட்டால் பேட்டரி கொதித்தே வீணாகும்.

ஓடும்போது 14 காட்டுகிறது, ஆனால் ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் இறங்கிக் கிடக்கிறதா? அன்று இரவு மைனஸ் கம்பியைக் கழற்றி வையுங்கள். அப்போது இறங்காவிட்டால் வண்டியில் எங்கோ மடை கசிகிறது. அப்படியும் இறங்கினால் பேட்டரியிலேயே கோளாறு.

எங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் பேட்டரியை வெளியே கொடுத்து முழுதாகச் சார்ஜ் ஏற்றினேன். காலையில் 12.7. செல்ஃப் அமுக்கினால் 10.8. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு முறுக்கினால் 12.3. ஏறவே இல்லை! ஆக, குற்றவாளி வேறு.

ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகளை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, மீட்டரை மாறு மின்சாரத்துக்கு மாற்றி, இரண்டிரண்டாக அளந்தேன் (முறுக்கினால் வோல்ட் நிறைய ஏறும், கை படக் கூடாது). மூன்று அளவும் ஒன்றுபோலவே இருந்தன. ஸ்டேட்டர் தப்பியது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, ரெகுலேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் சாக்கெட்டை ஒரு துணியால் பிடித்து லேசாக அசைத்தேன். மீட்டர் 12.3-லிருந்து 13.9-க்குத் தாவியது! கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் உருகிப் போயிருந்தது. சில நேரம் ஒட்டும், சில நேரம் ஒட்டாது. அதனால்தான் புது பேட்டரி இருபது நாளாவது தாக்குப் பிடித்திருக்கிறது. புது சாக்கெட் போட ஆன செலவு 60 ரூபாய்.

அப்படியானால் முதலில் எடைக்குப் போட்ட பழைய பேட்டரி? அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாவம்!

இங்கே மெக்கானிக்கைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. யோசித்துப் பாருங்கள். ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாக அளந்து, "பேட்டரி நல்லாருக்கு பாய், ஒரு பின்னுதான் கருகியிருக்கு" என்று சொன்னால் நாம் என்ன கொடுப்போம்? "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று இருபது ரூபாயை நீட்டுவோம். பொருளை மாற்றினால் மட்டும் கேட்டதைக் கொடுப்போம். சோதித்துப் பார்க்கும் வேலைக்குக் கூலி இல்லாத ஊரில் எல்லாக் கோளாறுக்கும் பொருளை மாற்றுவதுதான் மருந்தாகும். இந்தப் பழக்கத்தில் நமக்கும் பாதிப் பங்கு உண்டு.

"அந்தக் காலத்துல பேட்டரியே இல்லாம ஓட்டலையா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டினீர்கள், உண்மைதான். உதைத்தால் கிளம்பும் வண்டிகள் அவை. ஆனால் 2017 ஏப்ரலிலிருந்து வந்த இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே முகப்பு விளக்கு எரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்சாரத்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. 35 வாட் விளக்கு ஒன்றே ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். வரத்து நின்றால் 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றேகால் மணி நேரம் தாங்கினால் அதிகம். அதே போல, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கம்பியைக் கழற்றி "சார்ஜ் வருதா" என்று பார்க்கும் பழைய வித்தையைப் புது வண்டியில் தயவுசெய்து செய்யாதீர்கள். வோல்ட் எகிறி மற்ற மின்னணுப் பாகங்களும் போய்விடும்.

எங்கள் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூடு அதிகமானால் பேட்டரி சீக்கிரம் தேயும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் கதை முடிந்தது.

பக்கத்துக் கமுதியில் 2016-லிருந்து 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்குகிறது. அந்தப் பக்கம் காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் 1953-லிருந்து இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் ஓம் விதி இருக்கிறது, நானும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான். ஆனால் வாசலில் நிற்கும் வண்டியின் 12 வோல்ட்டை அளக்கலாம் என்று அத்தா ரோட்டில் வண்டி தள்ளிய பிறகுதான் எனக்குத் தோன்றியது. பரீட்சையில் எழுதிய வோல்ட்டும் வண்டியில் இருக்கும் வோல்ட்டும் ஒன்று என்று எந்த வகுப்பிலும் யாரும் வண்டியைக் காட்டிச் சொல்லித்தரவில்லை.

ஒரு தெருவுக்கு ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும் என்பேன். பேட்டரி மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. அளந்து பார்த்து, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள். மெக்கானிக் அளந்து கண்டுபிடித்துச் சொன்னால், அதற்கும் மனதார ஒரு நூறு ரூபாய் கொடுங்கள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை ராத்திரியானால் அத்தாவே கேட்டுவிடுகிறார்: "என்னத்தா, எத்தனை வோல்ட்டு காட்டுது?"