வாள்வீச்சுப் போட்டிக்கு அடைமழை மாதம்தானா கிடைத்தது?



"உள்ளே நடக்கிற விளையாட்டுதானேம்மா, மழை பெய்தா உங்களுக்கென்ன?" இப்படி என்னிடம் கேட்டார் ஒருவர். வாள்வீச்சு கூரைக்கு அடியில் நடப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் அந்தக் கூரைக்கு அடியிலேயே குடியிருப்பதில்லையே! காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு 130 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும்.

ஆட்சி ஒன்றுதான் என்றாலும் நடுவில் கிடப்பதெல்லாம் தமிழ்நாடு. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டித்தான் எங்கள் தலைநகரத்துக்கே போய்ச் சேர முடியும். 2022 நவம்பர் இரண்டாவது வாரத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். அந்த வாரம்தான் என் மகளுக்குத் தேர்வுப் போட்டி. திருக்கடையூர் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. வாள் பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து, நனைந்த கோழி மாதிரி வீடு திரும்பினோம். அங்கே போட்டி நடந்து முடிந்துவிட்டது. இவள் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதிவிட்டார்கள். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். மறு வருஷம் தன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண்களோடு நிற்க வேண்டியதாயிற்று. வயசு காத்திருக்குமா?

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் பவானி தேவி ஆடியதை டி.வி.யில் பார்த்துத்தான் இவளுக்கு இந்த ஆசையே வந்தது. வாள்வீச்சில் ஒலிம்பிக் போன முதல் இந்தியர் அவர். ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில் பழகியவராம்.

எங்கள் கடலோரத்தில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து தீர்த்துவிடும். புயலும் அப்போதுதான். 2008-ல் நிஷா காரைக்கால் பக்கமே கரையைக் கடந்தது. 2018-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கடந்து எங்களையும் ஆட்டி வைத்தது. 2024-ல் பெஞ்சல் புதுச்சேரியையே மூழ்கடித்தது. மூன்றுமே நவம்பர் மாதம்! ஐப்பசியில் யாராவது வடாம் பிழிவோமா? நமக்குத் தெரிந்த இந்த விஷயம் தேதி குறிக்கிறவர்களுக்குத் தெரியாதா?

போய்ச் சேர்ந்தாலும் கஷ்டம்தான். தடிமனான அந்த வெள்ளை உடுப்பைத் துவைத்தால் அடைமழையில் மூன்று நாள் ஆனாலும் காயாது. ஃபேனுக்கு அடியில் போட்டாலும் முடை நாற்றம் போகாது. வாள் எஃகு, ஈரம் பட்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பது என் வேலை. சேபர் பிரிவில் மேலே ஒரு உலோக நூல் ஜாக்கெட் போடுகிறார்கள். வாள் அதில் பட்டால்தான் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். ஈரத்திலும் வியர்வையிலும் அந்த நூல் கெட்டுப்போனால், அடி சரியாக விழுந்தாலும் விளக்கு எரியாது, புள்ளியும் கிடையாது. கரண்ட் போனால் எல்லாமே நின்றுவிடும். புயல் என்றால் பள்ளிக்கூடமும் மண்டபமும் நிவாரண முகாமாகிவிடும். அந்த நேரத்தில் அதைக் காலி பண்ணச் சொல்ல முடியுமா?

தேசியப் போட்டி டிசம்பர், ஜனவரியில் வந்தால் அதற்கு முன்னால் ஆள் எடுக்க வேண்டாமா என்பார்கள். நியாயம்தான். அதை ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்து வைத்தால் என்ன? ஆடி, ஆவணியில் எங்காவது ஒரு மழை பெய்தாலும் பஸ் நிற்காது. தேசியப் போட்டியையும் தெற்கே வைப்பதானால் பொங்கல் முடிந்து வைக்கலாம். 2024-ல் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் ஜனவரி 19 முதல் 31 வரை சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்தனவே! வடக்கே என்றால் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ரயில் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று சொல்லவே முடியாது. ஸ்வெட்டர் என்றால் என்னவென்றே தெரியாத எங்கள் பிள்ளைகள் அங்கே விறைத்துப்போய் வாளைப் பிடிப்பது தனிக் கதை.

வேறு வழியில்லை, நவம்பரில்தான் என்றால், அறிவிப்பிலேயே மாற்று நாள் ஒன்றையும் சேர்த்துப் போடட்டும். காரைக்காலில் கலெக்டர் மழை விடுமுறை விட்ட நாளில், இங்கிருந்து வர முடியாத பிள்ளையை 'வரவில்லை' என்று எழுதாமலாவது இருக்கட்டும்.

- காரைக்கால் வாசகி