சீடிங்காம் சீடிங்!

அமெரிக்கக் காலேஜ் ஆண்கள் சாக்கரைப் பற்றி எழுதினாலே "உனக்கு வேற வேலையே இல்லையா"ன்னு சிரிப்பீங்க. சிரிச்சுக்குங்க மக்களே, ஆனா இந்த அநியாயத்தையும் கேளுங்க.

என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷன் போட்டியில் 48 அணிகள். சீடிங் 16 பேருக்கு மட்டும். அவங்களுக்கு முதல் சுற்றே கிடையாது, இரண்டாம் சுற்றும் சொந்த மைதானத்தில். மத்தவன் ஒரு ஆட்டம் ஆடிக் களைச்சு, மூட்டை கட்டிக்கிட்டு அங்கே போய் நிக்கணும். இது போட்டியா, மாப்பிள்ளை விருந்தா?

2024-ல் சீடிங்குக்கு ஆர்.பி.ஐ.ன்னு ஒரு கணக்கையும் பார்த்தாங்க. அடிப்படைச் சூத்திரத்தில் நீ ஜெயிச்சதுக்கு 25 சதவீதம்தான், உன் எதிராளிகள் ஜெயிச்சதுக்கு 50! பெரிய கான்ஃபரன்ஸ்காரனுக்குத் தோத்தாலும் லாபம். சின்ன காலேஜை எவன் ஆடக் கூப்பிடுறான்?

அந்த வருஷம் வெர்மான்ட்டுக்கு சீடிங் இல்லை. காலிறுதியில் 2-ம் சீட் பிட்ஸ்பர்கை 2-0. அரையிறுதியில் 3-ம் சீட் டென்வரைப் பெனால்டியில். ஃபைனல்ல மார்ஷலைக் கூடுதல் நேரத்தில் 2-1. கிஸல் கோல்கீப்பரைத் தாண்டிப் போனப்ப நான் கத்தின கத்துல வீடே எழுந்துடுச்சு :-)

அந்த மார்ஷலும் 2020 சீசன் கோப்பையை (கொரோனாவால் 2021 மே மாசம் முடிஞ்சது) சீடிங் இல்லாமத்தான் வாங்கினாங்க. முதல் சீட் க்ளெம்சனை வெளியேத்திட்டு!

நல்ல டீமெல்லாம் ஆரம்பத்துலயே மோதக் கூடாதும்பீங்க. ஒத்துக்கறேன். அதுக்கு அவங்களை அட்டவணையில் பிரிச்சு வச்சாப் போதுமே? ஓய்வும் அவனுக்கே, மைதானமும் அவனுக்கேன்னா எப்படிங்க?