எளிய துப்பாக்கியும் வலிய ராணுவமும்

மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீதான விவாதத்துக்கு 2023 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பதிலளித்த பிரதமர் நரேந்திர மோடி, 1966 மார்ச் 5-ஆம் தேதி மிஸோரம் மீது விமானப் படை நடத்திய தாக்குதலை நினைவுகூர்ந்தார். சொந்த நாட்டு மக்கள் மீதே குண்டு வீசப்பட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. பிரிவினைவாதத்தை முறியடிக்க இந்திரா காந்தி எடுத்த கடினமான முடிவு அது என்பது காங்கிரஸின் பதில்.

இந்த வாதப் பிரதிவாதத்தில் அடிப்படையான கேள்வி ஒன்று அடிபட்டுப் போனது. எளிய ஆயுதம் ஏந்திய குடிமக்களால் ஒரு நவீன ராணுவத்தை எதிர்த்து நிற்க முடியுமா? நின்றால், அதற்கு விலை கொடுப்பவர்கள் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் மிஸோரமே விடை வைத்திருக்கிறது.

பஞ்சத்தில் பிறந்த கிளர்ச்சி: மிஸோ மலைப் பகுதி அன்று அசாமின் ஒரு மாவட்டம். 1959-இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சலை அழித்தன. பஞ்சம் வரும் என்று மக்கள் முன்கூட்டியே எச்சரித்தும் அசாம் அரசு போதிய கவனம் செலுத்தவில்லை. நிவாரணப் பணிக்காக லால்டெங்கா தலைமையில் உருவான அமைப்பே 1961-இல் மிஸோ தேசிய முன்னணியாக மாறியது. பட்டினிக்குக் கிடைக்காத பதிலைத் துப்பாக்கியால் பெற முயன்றதன் தொடக்கம் அது.

1966 பிப்ரவரி இறுதியில் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 1-ஆம் தேதி சுதந்திரப் பிரகடனம் வெளியானது. சம்பாயில் இருந்த அசாம் ரைபிள்ஸ் முகாம் வீழ்ந்தது. அய்ஸால் முகாம் முற்றுகைக்குள்ளானது. உதவிக்கு வந்த ஹெலிகாப்டர்கள் துப்பாக்கிச் சூட்டால் தரையிறங்க இயலாமல் திரும்பின. எளிய ஆயுதங்களின் வலிமை அந்தச் சில நாள்களில் தெரிந்தது.

அவற்றின் எல்லையும் உடனே தெரிந்தது. போர் விமானங்கள் வந்ததும் முற்றுகை தகர்ந்தது. அந்த மாத இறுதிக்குள் முக்கிய நகரங்கள் அனைத்தும் ராணுவத்தின் வசமாகின. கிளர்ச்சியாளர்கள் காட்டுக்குள்ளும் எல்லை தாண்டியும் சென்றனர். நேருக்கு நேர் மோதலில் ராணுவத்தை வெல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆயினும், ராணுவமும் முழு வெற்றி பெறவில்லை. கிளர்ச்சியாளர்களுக்கு உணவும் தகவலும் கிடைக்காமல் செய்வதற்காக, 1967 முதல் 500-க்கும் மேற்பட்ட கிராமங்களின் மக்கள், காவலுக்கு உட்பட்ட குடியிருப்புகளில் கட்டாயமாகக் குடியமர்த்தப்பட்டனர். வீடுகள் எரிக்கப்பட்டன, விளைநிலங்கள் கைவிடப்பட்டன. துப்பாக்கி ஏந்தியவர்கள் சில ஆயிரம் பேர். ஊரை இழந்தவர்களோ ஏறத்தாழ ஒரு மக்களினமே. 1971-இல் வங்கதேசம் பிறந்து, கிழக்கு பாகிஸ்தானில் இருந்த புகலிடம் பறிபோன பின்னரும் கிளர்ச்சி முற்றாக அடங்கவில்லை.

அது முடிந்தது பேச்சுவார்த்தை மேசையில். 1986 ஜூன் 30-இல் உடன்பாடு கையெழுத்தானது, 1987 பிப்ரவரி 20-இல் மிஸோரம் தனி மாநிலமானது, லால்டெங்கா முதல்வரானார். தனி நாடு கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை; கிளர்ச்சியாளர்களை ஒழிக்க நினைத்தவர்களுக்கும் அது கைகூடவில்லை. பஞ்சத்துக்குச் செவிசாய்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய 20 ஆண்டுகள் அவை.

பஸ்தர் கற்றுக்கொண்டதா?: இந்தப் பாடத்தை நாடு மறந்தது என்பதற்கு சத்தீஸ்கர் சாட்சி. மாவோயிஸ்டுகளை எதிர்கொள்ள 2005-இல் உருவான "சல்வா ஜுடும்" இயக்கத்தை மாநில அரசு ஆதரித்தது. பழங்குடி இளைஞர்கள் மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்புக் காவல் அலுவலர்களாகி ஆயுதம் ஏந்தினர். ஒரே இனத்தவர் இருபுறமும் நின்று மோதினர், கிராமங்கள் காலியாயின. போதிய கல்வியும் பயிற்சியும் இல்லாதவர்களைக் கிளர்ச்சி எதிர்ப்பில் ஈடுபடுத்துவது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2011 ஜூலை 5-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாவோயிஸ்டுகளின் கதையும் வேறல்ல. 2010 ஏப்ரல் 6-இல் தண்டேவாடாவில் 76 பாதுகாப்புப் படையினரைக் கொன்றபோது, அரசு நிலைகுலைந்ததாக அவர்களின் அனுதாபிகள் கருதினர். 15 ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அவர்களது பொதுச் செயலர் நம்பாலா கேசவ ராவ் 2025 மே மாதம் கொல்லப்பட்டார். மூத்த தலைவர் மல்லோஜுலா வேணுகோபால ராவ் அதே ஆண்டு அக்டோபரில் சரணடைந்தார். 2026 மார்ச் 31-க்குள் மாவோயிஸம் ஒழிக்கப்படும் என்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா கெடு அறிவித்தார்.

காட்டில் மறைந்து தாக்குபவர்களால் ஒரு போரை நீட்டிக்க முடியும்; படையினருக்கு இழப்பை ஏற்படுத்த முடியும். அரசை வீழ்த்த முடியாது. அவர்கள் நீட்டிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வட்டி கட்டுவது, எந்த ஆயுதமும் ஏந்தாத கிராமத்தினரே. துப்பாக்கியைப் புரட்சியின் அடையாளமாகப் போற்றுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு பாடம் உண்டு. ஆயுதங்கள் மௌனமாவது மட்டுமே அமைதியாகிவிடாது. கிராம சபைகளுக்கு அதிகாரம் வழங்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் நாடாளுமன்றம் நிறைவேற்றியவை. பழங்குடியினரின் நிலத்துக்கும் வனத்துக்கும் அவை அளித்த வாக்குறுதி முழுமையாக நிறைவேறினால்தான் பஸ்தரில் கிடைத்துள்ள வாய்ப்பு நிலைக்கும்.

ராணுவத்தால் கிளர்ச்சியாளரை வெல்ல முடியும். கிளர்ச்சிக்கான காரணத்தை வெல்வது அரசியலின் பணி. அந்தப் பணி தொடங்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். 1966-ஐக் கட்சிச் சண்டைக்கான ஆயுதமாக மட்டும் அது பயன்படுத்துமானால், அடுத்த பஞ்சத்தின் எச்சரிக்கையும் அதன் காதில் விழாது.