அடைக்கோழியும் வளர்ப்புக் குஞ்சுகளும்

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களில், அடைக்கோழியைத் தண்ணீரில் அமிழ்த்தி அடை தெளிவிக்கும் வழக்கம் இன்னும் உண்டு. இது கைப்பொருளை வீசி எறிவதற்கு ஒப்பாகும் என்பது எமது அபிப்பிராயம். பண்ணையில் பொரித்த குஞ்சுகளை வாங்கித் தாயின்றி விடுவோர், குளிராலும் பருந்தாலும் அவற்றை இழக்கின்றனர். அக்குஞ்சுகளுக்கு இக்கோழியே தாயாகக் கூடும்.

ஆனால், அடை கூடிய அன்றே குஞ்சுகளை விடலாகாது. முட்டை பொரிய 21 நாட்கள் ஆகுமாதலால், சில முட்டைகளின்மேல் இரண்டு மூன்று வாரம் அமர்ந்திருந்த கோழியே அவற்றை எளிதில் ஏற்கும். இருட்டியபின் முட்டைகளை அகற்றி, மூன்று நாளுக்கு உட்பட்ட பத்துக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கையின் கீழ் விடுக. விடியுமுன் சென்று நோக்குக. கொத்துமாயின் உடனே பிரித்துவிடவேண்டும். ஏற்ற கோழியையும் குஞ்சுகளையும் சில நாள் மற்றக் கோழிகளினின்று விலக்கிப் பஞ்சாரத்தில் வைத்தல் நலம். முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும் இடல்வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் முதலில் தம் வீட்டில் இதைச் செய்து காட்டுவார்களாயின், ஊரார் தாமே பின்பற்றுவர்.